மருந்துக்கு முன்னால் தண்ணீர்

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும்.

“அண்ணே, மோலிக்கு வாயில பஞ்சு மாதிரி வெள்ளையா இருக்குண்ணே. சாப்பிடவே மாட்டேங்குது.”

கடைக்காரர் அடுத்தவருக்கு மீன் பிடித்துக்கொண்டே பதில் சொல்வார். “ஃபங்கஸ்பா அது. நீல மருந்து விடு, ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

கேட்டவர் மீத்திலீன் புளூ பாட்டிலோடு வீட்டுக்குப் போகிறார். அந்த வெள்ளை உண்மையிலேயே பூஞ்சையாக இருந்தால் மோலி பிழைத்துக்கொள்ளும். பாக்டீரியாவாக இருந்தால் அதற்கு இரண்டு நாள் அவகாசம் கிடையாது.

வாயில் பஞ்சு படிந்ததுபோலத் தெரியும் நோய்க்குப் பல நேரங்களில் காரணம் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. 1922-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று மீன்களில் டேவிஸ் என்ற விஞ்ஞானி இந்த நோயை முதலில் விவரித்தார். இன்று நன்னீர் மீன் வளர்க்கும் எல்லா நாடுகளிலும் இது இருக்கிறது. மோலி, கப்பி போன்ற குட்டி போடும் மீன்களை அதிகம் பிடிக்கும். உதட்டில் தொடங்கும், சில மீன்களில் முதுகின் இரண்டு பக்கமும் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டாக வரும், செவுளுக்குள் இறங்கிவிட்டால் வெளியே எதுவும் தெரியாமலே மீன் மூச்சுக்குத் திணறும். தண்ணீர் சூடாகச் சூடாக இதன் வேகம் கூடும். நம் ஊர்க் கோடையில் 30 டிகிரியைத் தொடும் தொட்டியில், கொடிய வகைக் கிருமியாக இருந்தால், காலையில் பார்த்த புள்ளி அடுத்த நாள் மீனையே கொண்டுபோய்விடும். வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஹீட்டர் வைத்துச் சூட்டைக் கூட்டுவது சரியான வைத்தியம்தான். ஆனால் அது ஒட்டுண்ணியால் வருவது. காலம்னாரிஸுக்கும் அதையே செய்தால் கிருமிக்கு நாமே உதவி செய்ததாகிவிடும்.

கண்ணால் பார்த்துப் பூஞ்சையையும் காலம்னாரிஸையும் பிரிக்க முடியுமா? ஓரளவு முடியும். தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். பூஞ்சை என்றால் நூல் நூலாக எழும்பி நிற்கும், மீன் திரும்பும்போது அந்த நூல்கள் அசையும். பெரும்பாலும் ஏற்கெனவே காயம்பட்ட இடத்தில், ஒரே ஒரு மீனில், நிதானமாக வளரும். காலம்னாரிஸ் தோலோடு ஒட்டிய படலமாக இருக்கும். வெள்ளையிலேயே சாம்பலோ இளமஞ்சளோ கலந்திருக்கும், விளிம்பில் சிவப்பு ஓடியிருக்கும், உதடு அரித்துக்கொண்டே போகும். மறுநாளே இரண்டாவது மீன் துடுப்புகளை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

சந்தேகத்தைத் தீர்ப்பது நுண்ணோக்கிதான். வாயோரத்தில் லேசாகச் சுரண்டி எடுத்ததை ஒரு சொட்டுத் தண்ணீரோடு கண்ணாடிச் சில்லில் வைத்து, 400 மடங்கு பெருக்கிப் பார்க்க வேண்டும். பூஞ்சை கிளைவிட்ட தடித்த இழைகளாகத் தெரியும். காலம்னாரிஸ் மெல்லிய நீண்ட குச்சிகளாக மெதுவாக வழுக்கி நகரும். சில நிமிடங்கள் விட்டுப் பார்த்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி வைக்கோல் போர் போலக் குவிந்து நிற்கும். அதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். அதைச் செய்துகொடுக்க நம் கடைத்தெருக்களில் ஆள் இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம்.

இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. மீனுக்கு இப்போது ஏன் வந்தது?

ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா அநேகமாக எல்லா நன்னீர்த் தொட்டிகளிலும் இருக்கிறது. துடுப்பு அழுகல், உடம்பில் புண், வயிறு வீங்கிச் செதில்கள் விரிந்து நிற்கும் நோய் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனாலும் அதே தண்ணீரில் மீன்கள் மாதக்கணக்கில் நலமாக இருக்கின்றன. மீனின் உடம்பை மூடியிருக்கும் வழுவழுப்பான சளிப்படலமும் அதன் எதிர்ப்புச் சக்தியும் கிருமியை வெளியே நிறுத்திவைக்கின்றன. அந்தக் காவல் சரியும்போதுதான் நோய் வருகிறது. சரியவைப்பது அநேகமாக நாம்தான்: சின்னத் தொட்டியில் அளவுக்கு மீறிய மீன், தேவைக்கு மேல் தீவனம், வந்த அன்றே பழைய மீன்களோடு விடப்பட்ட புது மீன், இவை எல்லாவற்றுக்கும் மேலாக அம்மோனியா.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் வரும் அம்மோனியாவை ஃபில்டர் ஸ்பாஞ்சில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அதிகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வாரா வாரம் அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து நுரை போகப் பிழிந்து கழுவுகிற வீடுகள் ஏராளம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அந்த நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறது. தொட்டி பளிச்சென்று இருக்கும், அம்மோனியா ஏறிக்கொண்டே போகும். ஸ்பாஞ்சை அலச வேண்டுமானால் தொட்டியிலிருந்தே எடுத்த ஒரு பக்கெட் தண்ணீரில் அலசுங்கள். பி.எச். அளவையும் கவனிக்க வேண்டும். பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால், நம் ஊர் வெப்பத்தில், அது ஐந்து ஆறு பங்குக்கு மேல் போகும். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் பி.எச். பெரும்பாலும் ஏழுக்கு மேல்தான் இருக்கிறது.

ஆகவே மீன் முடங்கினால் முதலில் மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள், அம்மோனியா டெஸ்ட் கிட்டைத் திறங்கள். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை, மோசமாக இருந்தால் பாதியை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் போக்கும் மருந்து சேர்த்திருக்க வேண்டும், பழைய தண்ணீரின் வெப்பத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்த துடுப்பு அழுகல் பல, தொடர்ந்து தண்ணீர் மாற்றியதிலேயே ஆறிவிடுகின்றன.

நோயாளி மீனைத் தனியே மாற்ற ஒரு 20 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். மண், செடி வேண்டாம். ஏர் பம்ப்போடு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒதுங்க ஒரு சின்னச் சட்டி. காற்றுக் குமிழி நன்றாக ஓட வேண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், செவுள் பழுதான மீனுக்கு அதுவும் பற்றாது. பெரிய தொட்டியின் வலை, ட்யூப் எதையும் இதில் போட்டு எடுக்காதீர்கள்.

அடுத்தது உப்பு. நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு வெளித் தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் தண்ணீர் செவுள் வழியாக ஓயாமல் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியேற்றும். தோலில் புண் விழுந்தால் ஊறும் தண்ணீர் கூடும், மீன் களைத்துப்போகும். வெளியே கொஞ்சம் உப்பைக் கூட்டினால் இந்தச் சுமை குறைகிறது. காலம்னாரிஸ் கிருமியே உப்பில் தளர்ந்துபோகும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. லிட்டருக்கு 1 கிராமில் தொடங்கி 3 கிராம் வரை போகலாம். 20 லிட்டர் டப்புக்கு 20 முதல் 60 கிராம். கல் உப்பை ஸ்பூனில் அளந்தால் கணக்கு தப்பும், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். தனியே கரைத்து, நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து ஊற்றுங்கள். மோலி உப்புக் கலந்த கழிமுகங்களிலும் வாழக்கூடிய மீன், இதைச் சுலபமாகத் தாங்கும். கோரிடோராஸ் போன்ற சின்னக் கெளுத்திகளுக்கு உப்பு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தொட்டிச் செடிகள் பலவற்றுக்கும் ஆகாது. நீல மருந்தும் டப்போடு நிற்க வேண்டும். தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும்.

இனி ஆன்டிபயாடிக். நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இங்கேதான்.

வீட்டில் யாருக்கோ வாங்கி மிஞ்சிய கேப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் தூவுவது நம்மிடம் சாதாரணமாகிவிட்டது. அநேகமாக அது டெட்ராசைக்ளின். கால்சியமும் மக்னீசியமும் இந்த மருந்தைப் பிடித்துக் கட்டிவிடும். பாலோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள் என்று டாக்டர் நமக்குச் சொல்வதும் இதனால்தான். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படியும் போர் தண்ணீரில் அதைப் போட்டால் பெரும்பகுதி மீனுக்குப் பயன்படாமலே போகிறது. வெளிச்சம் பட்டால் மருந்து சிதைந்து தண்ணீரும் பழுப்பாகும். சிலர் எரித்ரோமைசின் போடுகிறார்கள். அது முக்கியமாக கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களுக்கான மருந்து. காலம்னாரிஸும் ஏரோமோனாஸும் கிராம் நெகட்டிவ் வகை. தவிர, நன்னீர் மீன் தண்ணீரை அதிகம் குடிப்பதில்லை. தண்ணீரில் கலந்த பல மருந்துகள் அதன் ரத்தத்துக்குப் போய்ச் சேருவதே கஷ்டம். உள்ளுறுப்பைத் தொட்டுவிட்ட நோய்க்குத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் மருந்துதான் நம்பத்தக்கது. மீன் இரை எடுக்கும்வரைதான் அந்த வழி திறந்திருக்கும். நோயைச் சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுவே.

அரைகுறை மருந்தின் கெடுதல் அந்தத் தொட்டியோடு நிற்பதில்லை. 2009-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, இறக்குமதியான வண்ண மீன்களிலும் அவை வந்த பைத் தண்ணீரிலும் இருந்த ஏரோமோனாஸ் கிருமிகளைச் சோதித்தது. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு ஒரே சமயத்தில் அடங்காதவையாக அவற்றில் நிறைய இருந்தன. பண்ணையிலும் கடையிலும் வீட்டிலும் ஆளுக்குக் கொஞ்சம் மருந்து போட்டுக் கிருமியைப் பழக்குகிறோம். தொட்டித் தண்ணீர் கடைசியில் சாக்கடைக்குத்தான் போகிறது, அந்தக் கிருமிகளும் மருந்தும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. இந்தியாவில் ஆன்டிபயாடிக்குகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. மீனுக்கு என்பதால் அந்த விதி தளர வேண்டியதில்லை. எந்த மருந்து, எத்தனை நாள், தீவனத்தில் எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரோ மீன்நோய் தெரிந்தவரோ சொல்ல வேண்டும். சொன்ன நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். அதுவரை ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரின நோய் ஆய்வகம் கொளத்தூருக்குப் பக்கத்திலேயே மாதவரத்தில் இருக்கிறது. விசாரித்துவிட்டு, நோயுற்ற மீனை உயிரோடு தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுபோவது நல்லது. செத்துச் சில மணி நேரம் ஆன மீனில் அழுகல் கிருமிகள் பெருகி, எது நோய் என்றே தெரியாமல் போகும். எல்லா வண்ண மீன் சந்தையிலும் ஒரு நுண்ணோக்கியும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். வியாபாரிகள் சங்கமாகச் சேர்ந்து கேட்டால் அரசு செய்துகொடுக்கக்கூடிய சின்னக் காரியம்தான் இது.

எல்லா மீனும் பிழைக்காது. மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் எல்லாம் விரிந்து நிற்கும் அளவுக்கு வீங்கிவிட்டால் சிறுநீரகம் ஏற்கெனவே தோற்றிருக்கும், மீள்வது அபூர்வம். அந்த நிலையில் வலியில்லாமல் அனுப்பிவைக்கும் முறையை மருத்துவரிடம் கேளுங்கள். உயிரோடு கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடுவது கொடுமை.

மீன் நாளுக்கு நாள் மெலிந்து, முதுகு வளைந்து, மருந்து எதற்கும் அசையாமல் இருந்தால் மைக்கோபாக்டீரியமாக இருக்கலாம். இந்தக் குடும்பத்தில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி மனிதரையும் தொற்றும். கையில் சிராய்ப்பு இருக்கும்போது தொட்டிக்குள் கைவிட்டால், சில வாரம் கழித்து விரலிலோ முன்கையிலோ ஆறாத கட்டியாக எழும்பும். அப்படி ஒன்று வந்தால் வீட்டில் மீன்தொட்டி இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாததால் மாதக்கணக்கில் வேறு வைத்தியம் பார்த்தவர்கள் உண்டு. காயம் இருந்தால் கையுறை போடுங்கள், ட்யூபை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்காதீர்கள்.

அடுத்த வாரம் மீன் வாங்கப் போகிறவர்கள் முதலில் ஒரு டப்பும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வாங்கி, ஸ்பாஞ்சைச் சில வாரம் பழைய தொட்டியில் ஓடவிடுங்கள். புது மீனை அந்த டப்பில் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு மற்ற மீன்களோடு விடுங்கள்.