கையை நீட்டும் முன்

செவ்வாய்க்கிழமை காலையில் தமிழ்நாட்டின் ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கர்ப்பிணிகளின் வரிசைதான். எடை, ரத்த அழுத்தம், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், வயிற்றில் குழந்தையின் துடிப்பு என ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வருகிறவரிடம் கடைசியில், "கையைக் காட்டும்மா" என்கிறார் செவிலியர். சுருக்கென்று ஒரு குத்து. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் எழ, அடுத்தவர் உட்காருகிறார். என்ன ஊசி என்று வாசலில் கேட்டால், "டி.டி. ஊசி" என்று பதில் வரும். எதற்கு என்றால், "குழந்தைக்கு நல்லதாம்."

பதிலில் தப்பில்லை. ஆனால் அது போதாது. உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பதற்றக் குரலை, "நல்லதாம்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எதிர்த்து நிற்க முடியாது. மாமியார் வேண்டாம் என்பார், கணவர் டாக்டர் சொன்னால் போட்டுக்கொள் என்பார். முடிவு எடுக்க வேண்டியவரின் கையில் மட்டும் விவரம் இருக்காது.

அந்த டி.டி.யையே எடுத்துக்கொள்வோம். முன்பு போடப்பட்டது ரணஜன்னிக்கு மட்டுமான ஊசி. 2019 முதல், தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் ஊசி அதன் இடத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறியது. தமிழில் எழுதினாலும் சொன்னாலும் இரண்டும் டி.டி.தான். மருந்து மாறிய சேதி பெயரில்கூடத் தெரியவில்லை. கர்ப்பம் பதிவானதும் முதல் ஊசி, நான்கு வாரம் கழித்து இரண்டாவது. முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு மூன்று ஆண்டுக்குள் மறுபடி கருத்தரித்தால் ஒரே ஒரு ஊக்க ஊசி போதும். பழைய அட்டையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் ஒரு குத்து மிச்சம்.

பச்சைக் குழந்தைக்கு வரும் ரணஜன்னியை இன்றைய இளம் தாய்மார்கள் பார்த்திருக்க மாட்டார்கள். கொதிக்க வைக்காத பிளேடால் தொப்புள்கொடியை அறுத்து, அந்தப் புண்ணில் சாம்பலோ சாணமோ வைத்த காலத்து நோய் அது. முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் திடீரென்று சப்ப முடியாமல் திணறும். தாடை இறுகிவிடும். தொட்டாலோ வெளிச்சம் பட்டாலோ உடம்பு வில்லாக வளையும். 1988இல் மட்டும் உலகில் 7,87,000 குழந்தைகள் பிறந்த மாதத்துக்குள் இப்படி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பிறந்த குழந்தைக்கு ரணஜன்னிக்கான சொந்த ஊசி ஆறாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை அதைக் காப்பது, தாய்க்குப் போட்ட ஊசியால் உருவாகி நஞ்சுக்கொடி வழியே இறங்கிய எதிர்ப்புப் பொருள்தான். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றுக்கும் கீழே என்ற அளவுக்கு எல்லா மாவட்டங்களிலும் நோய் குறைந்துவிட்டதை 2015இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு உறுதி செய்தது. ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியதற்கும் அதில் பங்குண்டு.

இதே ஊசியைப் பற்றித்தான், "மலடாக்கிவிடும்" என்ற பேச்சும் பல நாடுகளில் சுற்றியது. அதைப் பரப்பியவர்களைத் திட்டுவதைவிட, பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று சொல்வது பயன் தரும். டெல்லியிலுள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் விஞ்ஞானி ஜி.பி. தல்வாரின் குழு, கருத்தடைக்கு ஒரு தடுப்பூசி செய்ய முயன்றது. கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோனை உடம்பே எதிர்க்கும்படி செய்ய, அந்த ஹார்மோனை ரணஜன்னி ஊசியிலுள்ள செயலிழந்த நச்சோடு இணைத்தார்கள். ஆய்வு முடிவு 1994இல் வெளியானது. அது தனி மருந்து, பொதுப் பயன்பாட்டுக்கு வரவேயில்லை. ஆனால் "ரணஜன்னி ஊசி", "கருத்தடை" என்ற இரண்டு சொற்கள் ஒரே இடத்தில் சேர்ந்தது போதுமானதாக இருந்தது. 1990களின் நடுவில் பிலிப்பைன்ஸிலும் மெக்சிகோவிலும், 2014இல் கென்யாவிலும் பீதி பரவியது. இதற்கு மறுப்பை ஆய்வுக்கூடத்தில் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் டி.டி. போட்டுக்கொண்டு அடுத்த பிள்ளையும் பெற்ற அக்காவும் அண்ணியும் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள்.

எல்லா ஊசியும் கர்ப்பிணிக்கு ஆகும் என்பதும் இல்லை. தட்டம்மை, ருபெல்லா, சின்னம்மை போன்றவற்றுக்கான ஊசிகளில் உயிருள்ள கிருமியே பலவீனமாக்கப்பட்டு இருக்கிறது. அவற்றைக் கர்ப்பத்தில் போடுவதில்லை. போட்டபின் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். ருபெல்லா நோய் கர்ப்பிணியைத் தொற்றினால் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கும் என்பதால், அந்த ஊசியைத் திருமணத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. கர்ப்பம் என்று தெரியாமல் போட்டுக்கொண்டவர்கள் கருவைக் கலைக்க வேண்டுமோ என்று பதறுகிறார்கள். வேண்டியதில்லை. அந்த ஊசி மட்டுமே கருக்கலைப்புக்குக் காரணமாகாது என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல்.

கர்ப்பிணிக்கு மருந்தே கூடாது என்ற அச்சம் மூடநம்பிக்கை அல்ல. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையைக் கர்ப்பகாலக் குமட்டலுக்கு விழுங்கிய பெண்களுக்குக் கை கால் வளராத குழந்தைகள் பிறந்தன. 1961இன் கடைசியில் அங்கே மாத்திரை திரும்பப் பெறப்படுவதற்குள் உலகில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தன. அந்த அதிர்ச்சிக்குப் பின் கர்ப்பிணிகளை மருந்து ஆய்வுகளிலிருந்து ஒதுக்கி வைப்பதே பாதுகாப்பு என்ற வழக்கம் ஊன்றியது. அந்த வழக்கத்துக்கும் ஒரு விலை இருந்தது. அதை 2021இல் பார்த்தோம்.

அந்த ஆண்டு ஜனவரி 16 அன்று இந்தியாவில் கோவிட் தடுப்பூசி தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு இல்லை. அவர்களிடம் சோதித்துப் பார்க்கவில்லை என்பது காரணம். கோவிட் வார்டில் வேலை பார்த்த கர்ப்பிணிச் செவிலியருக்கும் அதே விதிதான். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு மே மாதத்தில் அனுமதி வந்தது. கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2 அன்றுதான் வந்தது. நடுவில் இரண்டாம் அலை வந்து போய்விட்டது. கர்ப்பிணிகளும் பிரசவித்தவர்களுமாக 1,530 பேரின் பதிவுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒப்பிட்டது. முதல் அலையில் தொற்றியவர்களில் 0.7 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். இரண்டாம் அலையில் 5.7 சதவீதம். ஊசி கிடைத்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது, அப்போது மற்றவர்களுக்கே ஊசி தட்டுப்பாடு. ஆனால் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கும் வாய்ப்பைக்கூட அந்தப் பெண்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. "தெரியாது, அதனால் வேண்டாம்" என்பதும் ஒரு முடிவுதான். அதை அவர்களைக் கேட்காமல் வேறு யாரோ எடுத்தார்கள்.

சட்டம் இப்போது தெளிவாக இருக்கிறது. ஜேக்கப் புலியெல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உடல் மீதான உரிமையைச் சுட்டி, யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்றது. கோவிட் தடுப்பூசித் திட்டத்தைத் தவறென்று சொல்லாத அதே தீர்ப்பு, பக்கவிளைவுத் தகவல்களைப் பொதுமக்கள் பார்க்க வழி செய்யவும் சொன்னது. சிகிச்சைக்கான சம்மதம் விவரம் அறிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பதை 2008இல் சமிரா கோலி வழக்கிலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே, "இது என்ன ஊசி, எந்த நோய்க்கு, போடாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பது வரிசையைத் தாமதப்படுத்தும் வேலை அல்ல. வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. அப்படிச் சொல்பவரை அதட்டுவதோ பரிசோதனைக்கு வராதே என்று விரட்டுவதோ முறையல்ல.

கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியதும் ஒன்று உண்டு. அரசு வழங்கும் தடுப்பூசிக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் சின்னச் சதுரமும் அச்சிட்டிருக்கும். மருந்து வெப்பத்தில் கிடந்தால் சதுரம் மெல்ல மெல்லக் கறுக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் போடலாம், வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு. "நர்சம்மா, அந்தக் குப்பியைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டால் நல்ல செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தனியார் மருத்துவமனைகளில் பட்டியல் நீளும். கக்குவான் இருமலையும் சேர்த்துத் தடுக்கும் ஊசியை 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்வார்கள், ஃப்ளூ ஊசியும் சொல்வார்கள். காசு பிடுங்கும் வேலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிரிட்டனில் 2012இல் கக்குவான் இருமலுக்கு 14 கைக்குழந்தைகள் பலியானார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கினார்கள். ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் மூன்று மாதத்துக்குள்ளான குழந்தைகளில் பத்தில் ஒன்பது பங்கு நோய் தடுக்கப்பட்டது. இரண்டாவது டி.டி.க்குப் பதிலாகவே இதைப் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பில்லில் மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்க வேண்டும்.

ஊசி போட்ட அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். அபூர்வமாக வரும் கடும் ஒவ்வாமை அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். கைவலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் போய்விடும். மூச்சுத் திணறல், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது போன்றவை எதனால் வந்தாலும் 108ஐ அழைக்க வேண்டியவை. இங்கே ஒரு கடினமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். தெரியவரும் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை ஊசி எதுவும் இல்லாமலே கலைகின்றன. லட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொள்ளும்போது, சிலருக்கு அடுத்த வாரமே அது நேர்ந்துவிடும். ஊசிதான் காரணமா என்பதை ஒரு குடும்பத்தின் துக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. போட்டவர்களையும் போடாதவர்களையும் எண்ணி ஒப்பிட்டால்தான் தெரியும். அந்த எண்ணிக்கை சரியாக வர வேண்டுமானால் ஒவ்வொரு சம்பவமும் பதிவாக வேண்டும்.

பதிவு செய்வது கஷ்டமில்லை. கிராம சுகாதார செவிலியரிடமோ நிலைய மருத்துவரிடமோ சொன்னால் அது மாவட்டத் தடுப்பூசி அலுவலருக்குப் போக வேண்டும். கடுமையான பாதிப்பை மாவட்ட, மாநிலக் குழுக்கள் ஆராய வேண்டும். காதில் போட்டுக்கொள்ளாவிட்டால், மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024இல் நோயாளியே நேரடியாகச் சொல்லலாம். மருத்துவப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும். கட்டணம் வாங்கிய இடத்தில் அலட்சியத்தால் பாதிப்பு நேர்ந்தால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு அந்த வழி இல்லை, நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். இந்த இரண்டு பாதைகளும் ஏழைப் பெண்ணுக்கு எவ்வளவு தூரம் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

நேரம் எடுத்து யோசிக்கக் கூடாத ஊசியும் ஒன்று உண்டு. தெருநாய் கடித்த கர்ப்பிணி, "வயித்துல புள்ள இருக்கே" என்று தயங்கி வீட்டிலேயே இருந்துவிடுவதும், கர்ப்பிணி என்றதும் மருத்துவமனையிலேயே ஒருவர் தயங்குவதும் நடக்கின்றன. வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பவர் இல்லை என்றே சொல்லலாம். அதற்கான தடுப்பூசியையும், தோலைத் துளைத்த கடிக்குப் புண்ணில் செலுத்தும் எதிர்ப்பு மருந்தையும் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே கிளம்ப வேண்டும். மருத்துவமனையில் ஊசி போட மறுத்தால் மருத்துவரைப் பார்க்காமல் திரும்பக் கூடாது, அங்கிருந்தே 104க்கு அழைத்துக் கேட்கலாம்.

கர்ப்பத்தில் தள்ளிப்போட்ட ருபெல்லா ஊசியைப் பிரசவத்துக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். தாய்ப்பால் கொடுப்பது அதற்குத் தடையில்லை. குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போட்டு அட்டையில் எழுதும் நேரத்திலேயே, தன்னுடையதைப் பற்றியும் தாய் கேட்டுவிடலாம்.