மேடத்தையும் அழைத்து வாருங்கள்

பொருட்காட்சியிலோ வணிக வளாக வாசலிலோ நீட்டப்பட்ட ஒரு கூப்பனில் பெயரும் செல்பேசி எண்ணும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். சில நாள் கழித்து அழைப்பு வரும். “வாழ்த்துகள் சார், குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்திருக்கிறது. கொடைக்கானலோ மூணாறோ, இரண்டு இரவு இலவசமாகத் தங்கலாம். ஞாயிறு மாலை ஹோட்டலுக்கு வந்து வவுச்சரை வாங்கிக்கொள்ளுங்கள். மேடத்தையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். கிரெடிட் கார்டு கையில் இருக்கட்டும்.”

பரிசு கொடுப்பவருக்கு உங்கள் கார்டு எதற்கு? தம்பதியாக வரச் சொல்வது ஏன்? “வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்று நீங்கள் எழுந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

அங்கே போனால், மேசைக்கு ஒரு குடும்பம் என்று உட்கார வைப்பார்கள். விற்பனையாளர் வெள்ளைத் தாளை எடுத்து, போன வருடம் சுற்றுலாவுக்கு எவ்வளவு செலவானது என்று கேட்பார். நாற்பதாயிரம் என்றால், அதை 25 ஆண்டால் பெருக்கி, விலைவாசி உயர்வையும் ஏற்றி, இருபது லட்சத்துக்கு மேல் ஒரு தொகையை எழுதி வட்டம் போடுவார். பக்கத்திலேயே மூன்று லட்சம் என்று எழுதுவார், அதுதான் ஆண்டுதோறும் சில நாள் விடுதியில் தங்கவைக்கும் ‘டைம்ஷேர்’ திட்டத்தின் உறுப்பினர் கட்டணம். நீங்கள் தயங்கினால் ‘மேனேஜர்’ வந்து விலையைக் குறைப்பார், இன்று மட்டும்தான் என்பார். பக்கத்து மேசையில் யாரோ கையெழுத்துப் போட, அரங்கமே கைதட்டும்.

அந்தத் தாளிலேயே நாமும் ஒரு கணக்குப் போடலாம். மூன்று லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 21,000 ரூபாய் வரும். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஊருக்குப் போனாலும் போகாவிட்டாலும் அதைக் கட்ட வேண்டும், வருடா வருடம் ஏறவும் ஏறும். இரண்டும் சேர்ந்தால் 36,000. அந்தப் பணத்தில் ஓர் இரவுக்கு ஆறாயிரம் வீதம் ஆறு இரவுகள், நினைத்த ஊரில், நினைத்த தேதியில் அறை எடுக்கலாம். மே மாத விடுமுறையில் உறுப்பினர்களுக்கு அறை கிடைப்பது எத்தனை கடினம் என்பதை அந்த மேசையில் யாரும் சொல்வதில்லை.

இலவச வவுச்சரின் பின்பக்கத்தையும் படியுங்கள். வார இறுதி கிடையாது, பண்டிகை நாள் கிடையாது, பல வாரம் முன்பே பதிவு செய்ய வேண்டும், சாப்பாட்டைக் காசு கொடுத்து அங்கேதான் வாங்க வேண்டும் என்றெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும்.

எல்லா டைம்ஷேரும் மோசடி அல்ல. உண்மையிலேயே விடுதிகள் நடத்தும் நிறுவனங்கள் உண்டு, திருப்தியான உறுப்பினர்களும் உண்டு. ஆனால் அறையை ‘முதலீடு’ என்று சொல்லி விற்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். ஹோட்டல் இரவுகளின் பெயரில் பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. அது அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று கூறி, பணத்தைத் திருப்பித் தர பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2016இல் உத்தரவிட்டது. அதில் பணம் போட்ட லட்சக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

“பரிசுக்கு வரி கட்டுங்கள்” என்று முன்பணம் கேட்பவர்கள் வேறு வகை. அது அப்பட்டமான திருட்டு. குலுக்கல் பரிசுக்கு 30 சதவீத வரி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது அரசுக் கணக்குக்குப் போகும், தனி ஒருவரின் ஜிபே எண்ணுக்குப் போகாது. பணம் அனுப்பிவிட்டால் அப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் கணக்கை முடக்க வழியுண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் ஒப்பந்தத்திலிருந்து காரணம் சொல்லாமலே விலக 14 நாள் உண்டு. அந்த நாள்களில் முன்பணம் வாங்குவதற்கே தடை. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. நமக்கும் அது கட்டாயம் வேண்டும். இப்போதைக்கு, ரத்து செய்ய எத்தனை நாள் என்று ஒப்பந்தத்திலேயே தேடுங்கள். காலக்கெடு இருந்தால் தொலைபேசியில் சொல்லி நிறுத்திவிடாமல் மின்னஞ்சலும் ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். கார்டில் தேய்த்திருந்தால் அன்றே வங்கிக்கும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். மாதத் தவணையாக மாற்றிவிட்டால் நீங்கள் வங்கிக்குக் கடன்காரர். நிறுவனத்தோடு சண்டை நடந்துகொண்டிருந்தாலும் தவணை ஓடும்.

தர நினைக்காத பரிசை அறிவிப்பதையும், விலைக்குள் அடக்கிவிட்டு இலவசம் என்று காட்டுவதையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு முறையற்ற வணிகம் என்கிறது. ஒப்பந்தத்தில் “கட்டிய பணம் திரும்பாது” என்ற வரியைப் பார்த்து நிறையப் பேர் ஓய்ந்துவிடுகிறார்கள். படித்தவர்களே ஏமாந்துவிட்டோமே என்ற கூச்சத்தில் வெளியிலும் சொல்வதில்லை. அந்த வரியே நியாயமற்றது என்று மாநில நுகர்வோர் ஆணையத்தில் எதிர்க்கலாம். சொன்னபடி சேவை தரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால், நிறுவனத்தின் அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கூப்பன், வவுச்சர், வாட்ஸ்அப் செய்திகள், விற்பனையாளர் கணக்குப் போட்ட அந்த வெள்ளைத் தாள் எல்லாவற்றையும் மனுவோடு இணையுங்கள்.