அளந்து வாங்குவோம்!
(வட்டக்கானலில் ஓர் அறைக்கான ஜிப்சம் பலகைக் கணக்கு)

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டுமெனில், மலைமீது ஏற்றுவதற்கு எத்துணை அளவு வேண்டும்! கொடைக்கானலை அடுத்த வட்டக்கானல், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றூர். வத்தலக்குண்டு மலைச்சாலை வழியே லாரியில் வரும் பொருளைச் சரிவான ஒற்றையடிப் பாதைகளில் தலைச்சுமையாகவே பல வீடுகளுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். பொருள் குறைந்தால் மறுபடி ஒரு லாரி வாடகை. மிகுந்தால் வீண் சுமைக்கூலி. ஆகவே கணக்கு இங்கே மிகவும் இன்றியமையாதது.

ஜிப்சம் பலகை என்பது யாது?

வகுப்பறைச் சாக்பீசும், எலும்பு முறிவுக்கு இடும் மாவுக்கட்டும், நிலக்கடலைக்கு உழவர் இடும் ஜிப்சமும் ஒரே குடும்பத்தவை. இந்த ஜிப்சத்தை இரு தடித்த காகிதங்களுக்கிடையே வார்த்துச் செய்வதே பலகை. இதன் முன்னோடியான அடுக்குப் பலகைக்கு அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பார் 1894-இல் காப்புரிமை பெற்றார். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, படிகத்தில் பிணைந்த நீரே. தீப்பிடித்தால் அந்நீர் ஆவியாகி வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் பலகை தீயைச் சிறிது நேரம் தடுத்து நிற்கிறது. உர ஆலைக் கழிவான பாஸ்போ ஜிப்சத்தையும் கண்ணாடி இழையையும் கொண்டு செய்த பெரும் பலகைகளால், சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013-இல் ஒரு மாதிரி வீடே எழுப்பப்பட்டது.

பலகைக் கணக்கு

12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்.

நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி; பரப்பு 44 × 9 = 396 சதுர அடி. மேற்கூரை 120. ஆக 516 சதுர அடி. 7 அடி உயரம், 3 அடி அகலமுள்ள கதவு ஒன்றுக்கு 21, 4 அடிக்கு 3 அடி சன்னல் இரண்டுக்கு 24, ஆக 45 கழித்தால் 471. இதனுடன் சேதாரம் நூற்றுக்குப் பத்து வீதம் 47 சேர்த்தால் 518. பலகை ஒன்று 6 அடிக்கு 4 அடி, அதாவது 24 சதுர அடி. 518-ஐ 24-ஆல் வகுக்க 21.6 வரும். எனவே 22 பலகைகள் வாங்க வேண்டும்.

கதவு சன்னலைக் கழிக்காமலும், சேதாரம் கூட்டாமலும் 516-ஐ 24-ஆல் வகுத்தாலும் 21.5, அதாவது அதே 22 பலகைதான்! இந்த அறையில் திறப்புகளும் சேதாரமும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன. பெரிய சன்னல்களுள்ள அறையில் இது பொருந்தாது. ஆகவே காகிதத்தில் கட்டம் போட்டு, பலகைகளை வரைந்து பார்த்துச் சரிபார்ப்பதே நன்று.

மற்றப் பொருள்கள்

சட்டங்கள் 2 அடிக்கு ஒன்றாக நின்றால், ஒரு பலகையில் மூன்று வரிசை திருகாணி வரும். 9 அங்குலத்துக்கு ஒன்றாக வரிசைக்கு 9, பலகைக்கு 27. இருபத்திரண்டுக்கு 594. மேற்கூரையில் சட்டங்கள் இன்னும் நெருக்கமாக வருமாதலால் 650 வாங்கலாம். பலகை மூட்டுகளும் மூலைகளும் சேர்ந்து ஏறத்தாழ 230 அடி, அதாவது 70 மீட்டர். 75 மீட்டர் காகித நாடாச் சுருள் ஒன்று போதும். வண்ணம் ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு 120 சதுர அடி ஓடுமெனக் கொண்டால், 471 சதுர அடிக்கு இருமுறை பூச 8 லிட்டர் தேவை. டப்பாவில் வேறு அளவு குறித்திருந்தால் அதையே கொள்க.

மலையின் நிபந்தனை

12.5 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை ஒன்றின் எடை ஏறத்தாழ 20 கிலோ. 22 பலகைகள் 440 கிலோ! இவற்றை நனையாமல், மரக்கட்டைகளின் மேல் படுக்கையாக அடுக்க வேண்டும். ஒழுகும் சுவரை முதலில் சரிசெய்யாமல் பலகையால் மறைப்பது நோயைப் போர்வையால் மூடுவதற்கு ஒப்பாகும். அறையின் ஈரக்காற்று பலகைக்குப் பின்னுள்ள குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்து பூஞ்சை பிடிக்கும். பச்சைக் காகிதமிட்ட பலகை ஈரத்தை ஓரளவு தாங்குமேயன்றி நீரைத் தாங்காது. தரையைத் தொடாமல் அரை அங்குல இடைவெளி விடுதல் நலம். பனிமூட்ட நாள்களில் பட்டி காய்வதற்குச் சமவெளியைவிடக் கூடுதல் நாள் கொடுக்க வேண்டும்.

மீதத்தை என் செய்வது?

22 பலகைகளின் பரப்பு 528. சுவரிலும் கூரையிலும் ஏறுவது 471. எஞ்சும் 57 சதுர அடித் துண்டுகள் ஏறத்தாழ 47 கிலோ. இவற்றைச் சோலைக்காட்டு ஓரக் குழியில் கொட்டினால், காற்றுப் புகாத ஈரத்தில் நுண்ணுயிர்கள் ஜிப்சத்தை அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயுவாக மாற்றும். மலையில் கொட்டியது ஓடைநீரோடு கீழுள்ள ஊர்களுக்கும் சேரும். பொருள் ஏற்றி வந்த லாரியே மீதத்தை இறக்கிச் செல்ல முன்கூட்டியே பேசிக்கொள்ளல் வேண்டும்.

அளக்கும் நாடா ஒன்றும், கட்டக் காகிதம் ஒன்றும், அரைமணி நேரமும் போதும். பணமும் மிஞ்சும்; சுமப்பவர் தோளும் மிஞ்சும்; சோலையும் மிஞ்சும்.