22 நிமிஷ ஆயுள்

22 நிமிஷத்தில் என்ன செய்ய முடியும்? அரிசி களைந்து வைத்துச் சாதம் இறக்கலாம். "இதோ வந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று பாதி ஊர்க்கதை பேசி முடிக்கலாம். ஆனால், ஓர் உலகத்துக்கே அவ்வளவுதான் ஆயுள் என்றால்?

'அவுட்டர் வைல்ட்ஸ்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் அப்படித்தான் நடக்கிறது. "விளையாட்டா? அது பிள்ளைகள் சமாசாரம்!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் துப்பாக்கி கிடையாது. பணம் சேர்க்கும் வேலையும் கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு கதை. அதுவும் மனத்தைப் பிழிகிற கதை!

நாலு கண் படைத்த சாது ஜனங்கள் வாழும் ஒரு சிற்றூர். அங்கே கணப்பு நெருப்பின் அருகே நீங்கள் கண் விழிக்கிறீர்கள். இன்று உங்கள் முதல் விண்வெளிப் பயணம். ஓட்டை உடைசல் கப்பலில் ஏறிக் கிரகம் கிரகமாகச் சுற்றுகிறீர்கள். 22 நிமிஷம் ஆனதும் சூரியன் சிவந்து, பருத்து, சுருங்கி, வெடிக்கிறது. எல்லாம் முடிந்தது! மறுகணம், அதே கணப்பு நெருப்பின் அருகே கண் விழிக்கிறீர்கள். ஊரில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. இது ஏன் என்று இங்கே சொல்லிவிட்டால், விளையாடப் போகிறவர்கள் என்னைச் சபிப்பார்கள்!

ஒவ்வொரு முறையும் எல்லாம் அழிகிறது. நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும் மிஞ்சுகிறது. மறைந்துபோன ஓர் இனத்தார் சுவர்களில் எழுதி வைத்ததைப் படித்துப் படித்துத்தான் முன்னேற வேண்டும். அறிவுதான் இங்கே சாவி. அழியாத செல்வம் கல்வி என்று நம் பெரியோர் சொன்னதை இவ்வளவு அழகாக விளக்கிய விளையாட்டு வேறில்லை எனலாம்.

அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் என்ற மாணவர் தம் பட்டத்துக்காகத் தொடங்கிய வேலை இது. வசனங்களை எழுதியவர் அவருடைய சகோதரி கெல்ஸி. 2019-ல் வெளிவந்து, 2020-ல் சிறந்த விளையாட்டுக்கான பிரிட்டிஷ் 'பாஃப்டா' பரிசையும் தட்டிக்கொண்டு போயிற்று.

பரிசு இருக்கட்டும்; செர்ட் என்பவரைப் பற்றிக் கேளுங்கள். தனியாக ஒரு கிரகத்தில் அமர்ந்து நட்சத்திரங்களைக் கணக்கெடுக்கிறவர். ஆரம்பத்தில் போய்ப் பார்த்தால் ஒரே குதூகலம். சற்று நேரம் கழித்துப் போனால், நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அவிவதைக் கவனித்துக் கலங்கியிருப்பார். கடைசி நிமிஷங்களில் போனாலோ, நம் சூரியனுக்கும் முடிவு வந்துவிட்டது என்று அறிந்து இடிந்துபோயிருப்பார். அடுத்த சுற்றில் மறுபடியும் சிரித்துக்கொண்டு உங்களை வரவேற்பார். எல்லாம் அறிந்த நீங்கள் எந்த முகத்தோடு பதிலுக்குச் சிரிப்பீர்கள்?

செர்ட் மத்தளம் தட்டுகிறார். விண்வெளி என்றாலே நடுங்கும் ரீபெக் வேறொரு கிரகத்தில் பாஞ்சோ மீட்டுகிறார். இன்னொருவர் புல்லாங்குழல்; மற்றொருவர் மௌத் ஆர்கன். தனித்தனியே கேட்டால் தனித்தனி ஒலி. வெகு தூரம் விலகி நின்று கருவியைத் திருப்பினாலோ, அத்தனையும் சேர்ந்து ஒரே பாட்டாகிவிடுகிறது!

இதை ஒருமுறைதான் விளையாட முடியும். தெரிந்துகொண்டதை மறக்க வழியில்லையே! எப்படியாவது சூரியனைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் எல்லோரும் புறப்படுகிறார்கள். போகப் போக அந்த ஆசை மெல்ல மாறுகிறது. அழியப் போகிற உலகம் என்று தெரிந்த பிறகும், அந்தப் பாட்டை இன்னொரு முறை கேட்டுவிட்டு வரலாம் என்று தோன்றுகிறது. வீட்டுப் பிள்ளைகள் இதை விளையாடிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டால், கேலி செய்யாமல் பக்கத்தில் சற்று உட்காருங்கள்.