கால் தன் வேலையைத் தானே செய்யட்டும்

முழங்காலைக் கொஞ்சம் மடக்கியபடி ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தொடை கடுக்கத் தொடங்கும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் பலர் நாள் முழுக்க இப்படித்தான் நடக்கிறார்கள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் இரண்டு, மூன்று பேருக்கு இந்தப் பாதிப்பு இருக்கிறது. இதற்குக் காரணமான, வளரும் மூளையில் ஒருமுறை ஏற்பட்ட காயம் பெரிதாவதில்லை. ஆனால், இறுகிய தசைகளால் எலும்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. எடை கூடக்கூட முழங்கால் மேலும் மடங்குகிறது. சிறு வயதில் நடந்த பிள்ளைகள் சிலர், பதின்ம வயதில் நடையை இழக்கிறார்கள்.

இங்கே தொழில்நுட்பம் செய்த முதல் உதவி, நடையை அளந்து காட்டியது. நடை ஆய்வகத்தில் குழந்தையின் இடுப்பு, முழங்கால், கணுக்காலில் சுண்டைக்காய் அளவுள்ள, ஒளியைத் திருப்பும் குண்டுகளை ஒட்டி நடக்கவிடுகிறார்கள். அகச்சிவப்புக் கேமராக்கள் மூட்டுகளின் கோணத்தைப் பதிவுசெய்கின்றன. தரையில் பதித்த தகடுகள் பாதம் ஊன்றும் விசையை அளக்கின்றன. தோலில் ஒட்டிய மின்முனைகள் எந்தத் தசை எப்போது இயங்குகிறது என்று காட்டுகின்றன.

நுனிக்காலில் நடக்கும் குழந்தையைப் பார்த்தால், கெண்டைக்கால் தசைதான் இறுகிவிட்டது என்று தோன்றும். ஆனால், முழங்கால் மடங்கியிருப்பதாலும் குதிகால் தரையில் படாமல் இருக்கலாம். அதை அறியாமல் குதிகால் நாணை மட்டும் அறுவை செய்து நீட்டினால், கால் பிடிமானம் இழந்து முழங்கால் இன்னும் மடங்கிவிடும். அளவீடு இந்தத் தவறைத் தடுக்கிறது.

அடுத்த உதவி, எக்ஸோஸ்கெலிட்டன் எனும் மோட்டார் சட்டகம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் ஒவ்வொரு குழந்தையின் காலுக்கும் ஏற்ப இதை வார்த்து, முழங்காலில் மோட்டாரைப் பொருத்தினார்கள். கால் ஊன்றும் நேரத்தையும் வீசும் நேரத்தையும் உணரிகள் கண்டறிய, உரிய கணத்தில் மோட்டார் முழங்காலை நிமிர்த்தும். 5 முதல் 19 வயது வரையிலான ஏழு பேரிடம் சோதித்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆறு பேருக்கு முழங்கால் 8 முதல் 37 டிகிரி வரை கூடுதலாக நிமிர்ந்தது.

மோட்டார் தள்ளும்போது தசை ஓய்வெடுத்துக்கொள்ளாதா? அப்படி நடந்தால் பலவீனமான கால் மேலும் பலவீனமாகும். ஆய்வாளர்கள் தசைகளின் மின்துடிப்பையும் அளந்தார்கள். முழங்காலை நிமிர்த்தும் தசைகள் வேலையைக் கைவிடவில்லை. குழந்தைகள் மோட்டாரோடு சேர்ந்து நடந்தார்கள். என்னைப் பொறுத்தவரை, டிகிரிக் கணக்கைவிட இதுவே முக்கியமான செய்தி.

அந்த ஆய்வுக் குழுவில் இருந்த சக்கரி லெர்னர், பின்னர் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில் இன்னொரு வழியையும் சோதித்தார். அவருடைய கணுக்கால் கருவி பாதம் தரையை உந்தும்போது வேண்டுமென்றே எதிர்ப்புத் தரும். அதை மீறி உந்திப் பழகும் கெண்டைக்கால் வலுப்பெறுகிறது.

இவை சிலரிடம் மட்டுமே நடந்த சோதனைகள். பிசியோதெரபிக்கு இவை மாற்றும் அல்ல. ஆனால், நாளை எந்தக் கருவி சந்தைக்கு வந்தாலும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியை இவை கற்றுத்தந்திருக்கின்றன: இதை மாட்டியிருக்கும்போது என் பிள்ளையின் தசை எவ்வளவு உழைக்கிறது?