அண்ணப்பிளவைத் தைத்த பிறகும் பேச்சு தெளியாதது ஏன்?

வாயின் மேற்கூரையான அண்ணத்தின் பின்பகுதி எலும்பில்லாத தசை, பெயர் மெல்லண்ணம். ப, ட, க போன்ற ஒலிகளைச் சொல்லும்போது அது மேலெழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, மூக்குக்குச் செல்லும் வழியை அடைக்கிறது. ம, ந, ங போன்ற மூக்கொலிகளுக்கு மட்டும் வழி திறந்திருக்கும். பிளவோடு பிறந்த குழந்தைக்கு இந்தக் கதவு மூடுவதில்லை. பொதுவாக 9 முதல் 18 மாத வயதுக்குள் அறுவை சிகிச்சையில் தசைகளை இணைக்கிறார்கள். ஆனாலும் சிலருக்கு மெல்லண்ணத்தின் நீளமோ அசைவோ போதாமல் இடைவெளி எஞ்சிவிடும். அப்போது காற்று மூக்கில் கசிந்து, ‘பாப்பா’ என்பது ‘மாமா’ போல ஒலிக்கும். வாயில் நிறுத்த முடியாத காற்றைக் குரல்வளையிலேயே தடுத்துப் பேசவும் குழந்தை பழகிவிடும். இந்தப் பழக்கத்தைத் தையல் மாற்றாது; பேச்சுப் பயிற்சிதான் மாற்றும்.

பெற்றோர் எளிதில் தவறவிடுவது காதை. மெல்லண்ணத்தை இறுக்கும் தசைதான் நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழாயையும் திறக்கிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் காதில் ‘டப்’ என்று கேட்பது இதனால்தான். அந்தத் தசை சரியாக இழுக்காவிட்டால் குழாய் திறக்காது. நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இருக்காது. விரலால் காதைப் பொத்தியது போல ஒலி மங்கும், அதுவும் சொற்களைக் கேட்டுக் கற்கும் வயதில். அறுவைக்குப் பிறகும் சில ஆண்டுகள் இது நீடிக்கலாம். தேவைப்பட்டால் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் குழந்தைக்கும் இந்தக் குறை இருக்கக்கூடும் என்பதால், செவித்திறன் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும்.