மூக்கை உயர்த்தும் கணம்

சிப்பாங் விமான நிலையத்தில் இருந்து எழும்பி மேற்கே கடலை நோக்கிச் செல்லும் ஆகாய விமானங்களைக் கேரி தீவின் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆயினும் அவற்றுள் சில திருச்சிக்கும் சென்னைக்கும் நம் உற்றார் உறவினரைச் சுமந்து செல்பவை ஆதலால், அத்தனை பெரிய பாரம் எவ்விதம் மண்ணை விட்டுக் கிளம்புகிறது, அந்தக் கணத்தில் விமானியின் கையும் அறிவும் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்வது நமக்குச் சொந்தக் காரியமே.

விமானம் புறப்படும் முன்பே அதன் எடை, ஓடுபாதையின் நீளம், வெப்பம், காற்றின் திசை ஆகியவற்றை ஆராய்ந்து மூன்று வேகங்களை நிர்ணயம் செய்துகொள்கிறார்கள். முதல் வேகத்தை எட்டிய பிறகு விமானத்தை நிறுத்த முயல்வது அபாயம்; ஆகவே அதுவரை, தேவைப்பட்டால் உடனே விசையைக் குறைத்து நிறுத்துவதற்காகத் தலைமை விமானியின் ஒரு கை விசைக் கைப்பிடிகளின் மேலேயே இருக்கும், அதன் பின் கையை எடுத்துவிடுவார். இரண்டாவது, மூக்கை உயர்த்தும் வேகம். மூன்றாவது, ஓர் எஞ்சின் கைவிட்டாலும் மற்றொன்றைக் கொண்டு பத்திரமாக மேலேறுவதற்கு உரிய வேகம். இரண்டாவது வேகம் வந்ததும் பக்கத்தில் இருப்பவர் ‘ரொட்டேட்’ என்று உரக்கச் சொல்ல, ஓட்டுகிறவர் தமக்கு முன்னுள்ள கட்டுப்பாட்டுத் தண்டைத் தம் பக்கமாக இழுக்கிறார்.

அந்த இழுப்பிலேதான் வித்தை இருக்கிறது. விநாடிக்கு இரண்டு அல்லது மூன்று பாகை வீதம் மூக்கு உயர வேண்டும். போயிங் 737-800 ரகத்தில் சுமார் 8 அல்லது 9 பாகை உயரும்போது சக்கரங்கள் தரையை விட்டு நீங்கும். சக்கரங்கள் தரையில் இருக்கையிலேயே அது 11 பாகையை எட்டிவிட்டால் வால் தரையில் உராயும். இடையே உள்ளது இரண்டு மூன்று பாகையே, காலத்தால் ஒரு விநாடி. அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் வால் தேயும். தயங்கி இழுத்தால் ஓடுபாதை வீணே கழிந்து, எதிரே உள்ள தடைகளைத் தாண்டும் உயரம் கிட்டாமல் போகும். நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டிச் செம்பனைக் குலையை அறுக்கும் தொழிலாளி, குலை எங்கே விழும், தன் கால் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்ட பின்பே இழுப்பதைப் போல, விமானியின் இழுப்புக்கும் முன்னே ஒரு பார்வை இருந்தாக வேண்டும்.

அந்தப் பார்வை தவறினால் நேரும் விபரீதத்தைத் திருச்சியே கண்டிருக்கிறது. 2018 அக்டோபர் 12 பின்னிரவில் துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 130 பிரயாணிகளும் 6 சிப்பந்திகளும் இருந்தார்கள். விமானம் ஓடிக்கொண்டிருக்கையில் தலைமை விமானியின் ஆசனச் சாய்மானம் திடீரெனப் பின்னே சரிய, விசைக் கைப்பிடிகளின் மேல் இருந்த அவர் கை அவற்றையும் தன்னை அறியாமல் பின்னுக்கு இழுத்துவிட்டது. எஞ்சின்களின் விசை குறைந்ததை இருவருமே கவனிக்கவில்லை. சிப்பாங்கின் ஓடுபாதைகள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். திருச்சியினுடையதோ இரண்டரைக் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வேகம் சேரத் தாமதித்தது, ஓடுபாதை முடிந்தது. எழுந்தும் எழாமலும் சென்ற விமானத்தின் அடிப்பாகம், இறங்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் ஆன்டெனாக்களை முறித்து, விமான நிலையத்தின் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு போயிற்று. உயிர்ச்சேதம் இல்லாதது தெய்வாதீனம்.

ஆசனம் சரிந்ததற்கு யாரையும் குறைகூற மாட்டேன். யந்திரம் எப்போதேனும் கைவிடவே செய்யும். ஆனால் விசையையும் வேகத்தையும் காட்டும் கருவிகள் இரண்டு ஜோடிக் கண்களுக்கு எதிரே இருந்தன. அவற்றைக் கண்காணிக்கத் தவறியதை விசாரணை அறிக்கையும் சுட்டிக்காட்டியது.

எண்களே பிழையாக அமைந்துவிடுவதும் உண்டு. 2003 மார்ச்சில் ஆக்லாந்தில் இருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 747 விமானத்தின் எடையை 100 டன் குறைவாகக் குறித்துக்கொண்டதால், தேவையான வேகம் வருவதற்கு வெகு முன்னரே மூக்கை உயர்த்த, வால் ஓடுபாதையில் தேய்ந்தது. 2009 மார்ச்சில் மெல்பர்னில் எமிரேட்ஸ் விமானத்துக்கும் அதே 100 டன் பிழை: 362.9 டன் என்பது 262.9 என்று பதிவாயிற்று. ஓர் இலக்கத்தின் பிழை! விமானம் ஓடுபாதையின் முடிவையும் தாண்டியே எழுந்தது. கடைசி நேரத்தில் முழு விசையைச் செலுத்தியதால் அதில் இருந்த 275 பேரும் பிழைத்தார்கள்.

இவ்விரு விமானங்களும் வால் உராய்ந்ததை உணர்ந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பின. வால் உராய்ந்த ஐயம் எழுந்தால் உள்ளறையில் காற்றழுத்தத்தை ஏற்றாமல், அருகில் உள்ள தகுந்த நிலையத்தில் இறங்குவதே முறை. ஏனெனில் உயரே செல்லச் செல்ல உள்ளிருக்கும் காற்று விமானத்தின் தோலை வெளியே தள்ளும். காயம்பட்ட தோல் அதைத் தாங்காமலும் போகலாம். 1980-இல் இறங்கும்போது வால் உராய்ந்த ஒரு சைனா ஏர்லைன்ஸ் 747, அன்று அரைகுறையாகச் செய்த பழுதுபார்ப்பின் விளைவாக, 22 ஆண்டுகளுக்குப் பிறகு 2002 மே 25 அன்று நடுவானில் பிளந்து, 225 பேரும் மாண்டார்கள். திருச்சியிலோ, சுவரில் மோதியிருக்கலாம் என்று விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்து தகவல் சொல்லியும், கருவிகள் யாவும் செவ்வனே இருப்பதாகக் கருதி, அடிவயிறு கிழிந்த விமானத்தைக் கடலின் மேல் செலுத்திக்கொண்டு போனார்கள். பின்னர் திருப்பப்பட்டு, புறப்பட்டுச் சுமார் 4 மணி நேரம் கழித்தே மும்பையில் இறங்கிற்று. புறப்படுகையில் நேர்ந்த தவற்றைக் காட்டிலும் இதனையே பெருந்தவறாக நான் எண்ணுகிறேன். முன்னது சில விநாடிக் குழப்பத்தில் நேர்ந்தது, பின்னதற்கோ யோசிக்க மணிக்கணக்கில் அவகாசம் இருந்தது.

ஆகவே, திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊர் செல்லும் அன்பர்கள், கிளம்பிய விமானத்தை ஏதோ ஓர் ஐயத்தின்பேரில் விமானி சிப்பாங்குக்கே திருப்பிக்கொண்டு வந்தால், தாமதத்துக்காகச் சிப்பந்திகள்மேல் கோபம் கொள்ளாமல், அவர் தம் கடமையைச் செய்தார் என்று அறிந்து பொறுமையோடு காத்திருக்க வேண்டுகிறேன்.